நாற்பதுக்கு மேல் ஒரு சிற்றில்

பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை, அரிவை, தெரிவை, பேரிளம்பெண். பெண்ணுக்கு ஏழு பருவம் என்று வகுப்பில் சொல்லிக்கொடுக்கிறேன். பேதைக்கு 5 முதல் 7 வயது, பெதும்பைக்கு 8 முதல் 11 என்று தொடங்குகிற வழக்கமான கணக்கு, பேரிளம்பெண்ணுக்கு 32 முதல் 40 என்று வந்து நின்றுவிடும். ஒவ்வோர் ஆண்டும் யாராவது ஒரு மாணவி எழுந்து, "அதுக்கு மேல என்ன மேடம்?" என்று கேட்பாள். வகுப்பு சிரிக்கும். தலைவன் உலா வரும்போது வாசலுக்கு வந்து நின்று மயங்குவதற்கு நாற்பதைத் தாண்டியவள் தேவைப்படவில்லை, அவ்வளவுதான். அவள் உள்ளே அடுப்படியில் இருந்திருப்பாள்.

2019இல் எனக்கு 41. பருவமே இல்லாத வயது. அந்த ஆண்டு ஜூலை முதல் வாரத்தில் சிகாகோவை ஒட்டிய ஷாம்பர்க் நகரில் 10ஆவது உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாடு நடந்தது. என் கட்டுரை ஏற்கப்பட்டிருந்தது. கூட்டுறவுச் சங்கத்தில் கடன் போட்டு டிக்கெட் எடுத்தேன். ஜூன் தொடக்கத்தில் போனால் டிக்கெட் மலிவு. தங்குவதற்குச் சித்தி மகள் வீடு அங்கேயே இருந்தது. போய் இறங்கிய மறுநாள் காப்பி ஆற்றிக்கொண்டே அவள் சொன்னாள்: "அக்கா, உன் மாநாடு நடக்கிற அதே கூடத்துல அதுக்கு முன்னாடி எனக்கு ஒரு மாநாடு இருக்கு."

நான் ஏதோ கணினிக்காரர்கள் கூட்டம் என்று நினைத்தேன். பொம்மைக் கட்டை அடுக்குகிற பெரியவர்களின் கூட்டம் என்றாள்.

இவளுக்கு அப்போது 38 வயது. இரண்டு பிள்ளைகள். வீட்டில் எல்லோரும் இன்னமும் பாப்பா என்றுதான் கூப்பிடுகிறோம். உளுந்தூர்பேட்டைப் பக்கம் களமருதூர் எங்கள் ஊர். அங்கிருந்து பஸ் ஏறி இஞ்சினியரிங் படிக்கப் போன முதல் பெண் இவள். கல்யாணமாகி அமெரிக்கா போய்ப் பன்னிரண்டு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. வீட்டின் கீழ்த்தளத்துக்குக் கூட்டிப்போனாள். சுவர் நெடுக பிளாஸ்டிக் பெட்டிகள். நிறம்வாரியாக, வடிவம்வாரியாகப் பிரித்து, மளிகைக் கடை போல அடுக்கியிருந்தது. கடுகளவு துண்டுகளை நம் ஊர் அஞ்சறைப்பெட்டியில் போட்டு வைத்திருந்தாள்.

"புள்ளைங்களுக்கா இதெல்லாம்?"

"அம்மாகிட்ட அப்படித்தான் சொல்லி வச்சிருக்கேன். ஒருநாள் வீடியோ கால்ல பார்த்துட்டாங்க. புள்ளைங்க மூளை வளர்றதுக்கு டாக்டர் வாங்கச் சொன்னார்னு அடிச்சு விட்டேன்."

பிள்ளைகள் இருவரும் அந்தப் பெட்டிகளைத் தொட அனுமதி கேட்க வேண்டும் என்பது அப்புறம் தெரிந்தது.

லெகோ என்ற பெயரை நான் கேள்விப்பட்டிருந்தேன். அதன் பின்னால் இப்படியொரு பெரியவர் உலகம் இருப்பது தெரியாது. டென்மார்க்கில் பில்லுன் என்ற சிற்றூரில் ஓலே கிர்க் கிறிஸ்டியன்சன் என்ற தச்சர், 1932இல் மரப்பொம்மை செய்யத் தொடங்கினார். 'நன்றாக விளையாடு' என்று பொருள்படும் இரண்டு டேனிஷ் சொற்களைச் சுருக்கி 1934இல் பெயர் வைத்தார்கள். பிளாஸ்டிக் கட்டை 1949இல் வந்தது. அதுவும் சொந்தச் சரக்கில்லை, ஹிலாரி பேஜ் என்ற ஆங்கிலேயர் செய்த கிட்டிகிராஃப்ட் கட்டையைப் பார்த்துச் செய்தது. நம் திருவிழாக் கடைகளில் விற்கிற போலிக் கட்டைகளைப் பார்த்து இளக்காரமாகச் சிரிக்கிறவர்களுக்கு இதைச் சொல்லலாம். மேலே குமிழ், உள்ளே குழல் என்று ஒன்றையொன்று இறுகப் பிடிக்கிற இன்றைய அமைப்புக்குக் காப்புரிமை கேட்டது 1958 ஜனவரி 28இல். அன்று வார்த்த கட்டையோடு இன்று வார்த்த கட்டை பொருந்தும். எட்டுக் குமிழ் உள்ள ஒரே நிறக் கட்டைகள் ஆறு இருந்தால் அவற்றை 91,51,03,765 விதமாகச் சேர்க்கலாம் என்று கணிதக்காரர்கள் எண்ணியிருக்கிறார்கள். மரப்பொம்மைக் கிடங்கு 1960இல் எரிந்துபோனதும் மரத்தை விட்டுவிட்டார்கள். கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது (2021) எனக்கு அந்தத் தச்சர் ஞாபகம் வந்தார். எங்கள் பக்கத்துத் தச்சர்களும் நடைவண்டி செய்தார்கள், பொம்மை செய்தார்கள். அதைத் தாண்டிப் போக அவர்களுக்கு யார் கடன் கொடுத்தார்கள்?

இந்தக் கட்டைகளை வைத்து விளையாடுகிற பெரியவர்கள் தங்களுக்கென்று ஒரு பரிபாஷையே வைத்திருக்கிறார்கள். பெட்டியோடு வரும் வரைபடத்தைப் பார்க்காமல் சொந்தமாகக் கட்டியதற்கு 'மாக்' என்று பெயர். கட்டையை வெட்டாமல், ஒட்டாமல், சாயம் பூசாமல் கட்டுகிறவர் 'பியூரிஸ்ட்'. எனக்குப் பிடித்துப்போன சொல் 'டார்க் ஏஜஸ்', இருண்ட காலம். களப்பிரர் காலத்துக்கு நம் வரலாற்றாசிரியர்கள் ஒரு காலத்தில் கொடுத்த அதே பெயர். சின்ன வயதில் கட்டைகளோடு விளையாடிய ஒருவர், பதின்வயதில் வெட்கப்பட்டு அதைப் பரணில் போட்டுவிட்டுப் படிப்பு, வேலை, காதல் என்று போகிறார். பிறகு ஒருநாள் திரும்பி வருகிறார். நடுவில் விட்டுப்போன அந்த வருடங்கள்தான் இருண்ட காலம். 1998இல் கணினியோடு இணைகிற மைண்ட்ஸ்டார்ம்ஸ், 1999இல் ஸ்டார் வார்ஸ் பெட்டிகள் என்று வந்தபோது ஆண்கள் பலர் அப்படித் திரும்பினார்களாம். கூட்டத்தில் யாரைச் சந்தித்தாலும் "உங்கள் இருண்ட காலம் எத்தனை வருடம்?" என்று கேட்பது அங்கே குசலம் விசாரிப்பது போல.

பாப்பாவிடமும் கேட்டிருக்கிறார்கள். "என்னடி சொல்லுவ?" என்றேன்.

"இருண்ட காலம்னு ஒண்ணு இருக்கணும்னா அதுக்கு முன்னாடி நம்மகிட்ட ஏதாவது இருந்திருக்கணும்ல அக்கா? கூவாகம் திருவிழாவுல ஆயா வாங்கிக் குடுத்த சொப்பைச் சொல்றதா?"

சொப்புச் சாமான் எனக்கும் இருந்தது. மண்சட்டி, மண்ணடுப்பு, ஓட்டாஞ்சில்லு. களத்துமேட்டில் ஈர மண்ணைக் காலின் மேல் குவித்துத் தட்டி, காலை மெதுவாக உருவினால் ஒரு வீடு. அதற்கு முன்னால் வேப்பிலைத் தோட்டம், கொட்டாங்கச்சியில் சோறு. பதின்மூன்றாம் வயதில் நான் வயசுக்கு வந்தபோது அந்தச் சொப்புகள் எங்கே போயின என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. தாய்மாமன் பச்சை ஓலை வெட்டிவந்து ஒரு குடிசை கட்டினார். என்னை அதற்குள் உட்காரவைத்தார்கள். நான் கட்டாத அந்தச் சின்ன வீட்டில் இருந்து வெளியே வந்ததும் அதைக் கொளுத்தினார்கள். அகப்பாடல்களில் தோழியரோடு ஓரையாடப் போகவிடாமல் பெண்ணை வீட்டுக்குள் நிறுத்துவதற்கு இற்செறிப்பு என்று பெயர். அதைப் பாடம் நடத்துகிற ஒவ்வொரு முறையும் எனக்கு ஓலை எரிகிற வாடை வரும்.

என் முனைவர் பட்ட ஆய்வே சிற்றில் பற்றியதுதான். சிறுமிகள் மணலில் கட்டுகிற சிறிய வீடு. வாய்மொழித் தேர்வில் பெரியவர் ஒருவர், "குழந்தை விளையாட்டுக்கெல்லாம் டாக்டர் பட்டமா?" என்று சிரித்தார். சபையும் சிரித்தது. அந்தக் குழந்தை விளையாட்டில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். ஆண்பால் பிள்ளைத்தமிழின் கடைசி மூன்று பருவங்கள் சிற்றில், சிறுபறை, சிறுதேர். சிற்றில் பருவத்தில் சிறுமிகள் கூடிநின்று பாட்டுடைத் தலைவனான சிறுவனிடம், நாங்கள் பாடுபட்டுக் கட்டிய வீட்டை உன் காலால் அழித்துவிடாதே என்று கெஞ்சுவார்கள். அவன் அழிப்பான்; அது அவனுடைய அழகு. கட்டியவர்களுக்குப் பெயர் கிடையாது. பெண்பாலுக்கும் சிற்றில் இழைத்தல் உண்டு என்று இலக்கணம் ஓரமாகச் சொல்லி வைத்திருக்கிறது. ஆனால் எல்லோரும் கொண்டாடுகிற குமரகுருபரரின் மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழில் வருவது அம்மானை, நீராடல், ஊசல். மதுரையை ஆளப்போகிறவளுக்கும் மணலில் ஒரு வீடு இல்லை. கலித்தொகையில் கபிலரின் குறிஞ்சிக்கலியில் ஒருத்தி, சின்ன வயதில் தன் மணல்வீட்டைக் காலால் எற்றியவனே வளர்ந்து வந்து தண்ணீர் கேட்டதைத் தோழிக்குச் சொல்கிறாள். ஆண்டாள் ஒரு பத்துப் பாட்டு முழுவதும் கண்ணனிடம் இதற்காகவே மன்றாடுகிறாள். இந்தப் பாட்டுகளை எனக்குப் பிடிக்காது என்று சொல்லமாட்டேன். ஆண்டாளைப் பிடிக்காமல் கவிதை எழுத வந்திருக்க முடியாது. ஆனால் கட்டுவதில் அந்தப் பெண்களுக்கு இருந்த சந்தோஷம் என்ன, அவன் வராத நாளில் அவர்கள் அந்த வீட்டை என்ன செய்தார்கள் என்று எந்தப் பாட்டிலாவது இருக்கிறதா என்று தேடித்தான் ஆறு வருடம் ஓடியது.

அந்தத் தேடலின் முடிவை எழுதி எடுத்துக்கொண்டு போனவள், ஜூன் நடுவில் அதே கூடத்துக்குள் இப்படி நுழைந்தேன்.

பிரிக்வேர்ல்ட் என்பது அந்தக் கூட்டத்தின் பெயர். 2007 முதல் சிகாகோ வட்டாரத்தில் ஆண்டுதோறும் நடக்கிறது. முதல் சில நாட்கள் கட்டுகிறவர்களுக்கு மட்டும். சனி, ஞாயிறு பொதுமக்களுக்கு. அந்த ஞாயிறு அமெரிக்காவில் தந்தையர் தினம். உள்ளே போனவுடன் காதில் விழுவது ரயில் சத்தம். மேசை மேசையாக நகரங்கள், அவற்றின் நடுவே ஓடுகிற சின்ன ரயில்கள். ஒரு பக்கம் யந்திர வரிசை. ஒருவர் செய்த யந்திரம் குட்டிப் பந்துகளை வாங்கி அடுத்தவர் யந்திரத்துக்குக் கைமாற்றும், அது அதற்கடுத்ததற்கு. நாள் முழுக்க அந்தப் பந்துகள் எங்கும் போய்ச் சேராமல் சுற்றிக்கொண்டே இருக்கின்றன. ஒரு பயனும் இல்லாத அந்தக் காரியத்தை நரைத்த தாடிக்காரர்கள் குனிந்து குனிந்து சரிசெய்துகொண்டிருந்தார்கள். எனக்குப் பொறாமையாக இருந்தது. பயனில்லாத ஒன்றை அத்தனை அக்கறையாகச் செய்கிற நாற்பது, ஐம்பது வயதுப் பெண்களை நான் எங்கே பார்த்திருக்கிறேன்? எங்கள் வீடுகளில் பெண் கோலம் போட்டால் லட்சுமி வருவாள், கொலு வைத்தால் அம்பாள் வருவாள், பூத்தொடுத்தால் சாமிக்கு, பின்னினால் பேரனுக்கு. சும்மா எனக்குப் பிடித்திருந்தது என்று சொல்லி ஒரு மாலையைக் கழிக்க வழி இல்லை. நான் கவிதை எழுதுவதை என் மாமியார் "அதுபாட்டுக்கு அது ஏதோ விளையாடிக்கிட்டிருக்கும்" என்பார். அன்பாகத்தான் சொல்வார்.

கூடத்தில் பெரும்பாலும் ஆண்கள். பெண்கள் இல்லாமலில்லை. கழுத்தில் எல்லோருக்கும் கட்டையாலேயே செய்த பெயர் அட்டை. பாப்பா தன்னுடையதில் தமிழில் 'ப' என்று கட்டியிருந்தாள். வளைவே இல்லாத எழுத்து; கட்டையில் கட்டுவதற்கென்றே பிறந்தது போல இருந்தது. எதிரே வந்தவர்கள் இது என்ன சின்னம், கதவில்லாத வீடா என்று கேட்டார்கள்.

பக்கத்து மேசைக்காரிக்கு எழுபதை நெருங்கும் வயது. பள்ளி நூலகராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு துணி துவைக்கும் கடை கட்டியிருந்தார். உள்ளே யந்திரங்கள், காத்திருக்கிற நாற்காலிகள், ஒற்றைக் காலுறை ஒன்று தரையில். மகன் கல்லூரிக்குப் போனபோது விட்டுப்போன பெட்டியில் தொடங்கியதாம். "அவன் திரும்பி வந்து கேட்டான். தரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன்" என்று கண்ணடித்தார். அவருடைய இருண்ட காலம் எவ்வளவு என்று கேட்கச் சொல்லிப் பாப்பாவைத் தூண்டினேன். அவர் சின்னவளாக இருந்தபோது கட்டைகள் அண்ணனுக்குத்தான் வாங்கினார்களாம். "பிறந்ததிலிருந்து நாற்பத்தெட்டு வயது வரை என்று போட்டுக்கொள்" என்றார். பாப்பா என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

கம்பெனியின் கதையும் இந்த விஷயத்தில் ஏறுவதும் இறங்குவதுமாகத்தான் போயிருக்கிறது. 1970களில் பெட்டியோடு பெற்றோருக்கு ஒரு கடிதம் வைத்தார்கள். உருவாக்கும் ஆசை ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றுதான், பையன் பொம்மை வீடு கட்டினாலும் பெண் விண்கலம் கட்டினாலும் குறுக்கே போகாதீர்கள் என்று சொன்ன கடிதம். 1981 விளம்பரத்தில் ஜீன்ஸும் சட்டையும் போட்ட ஒரு செம்பட்டைத் தலைச் சிறுமி, தான் கட்டிய என்னவென்று சொல்லமுடியாத ஒன்றைப் பெருமையோடு பிடித்துக்கொண்டு நிற்பாள். பிறகு என்ன ஆயிற்றோ, கப்பலும் கோட்டையும் காவல் நிலையமுமாகப் பெட்டிகள் பையன்களிடம் போய்விட்டன. 2012இல் பெண்களை அழைத்துவர ஃப்ரெண்ட்ஸ் என்று ஒரு வரிசை வந்தது. இளஞ்சிவப்பு, ஊதா, அழகு நிலையம், பேக்கரி. ஐம்பதாயிரம் பேருக்கு மேல் கையெழுத்திட்டுக் கண்டித்தார்கள். அதற்கப்புறம் 2014இல் எல்லன் கோய்மன் என்ற புவிவேதியியலாளர் வடிவமைத்த பெண் விஞ்ஞானிகள் பெட்டி வந்தது. 2017இல் மாயா வைன்ஸ்டாக்கின் யோசனையில் நாசா பெண்கள் வந்தார்கள். பாப்பா ஒரு விஷயத்தில் என்னோடு சண்டை போட்டாள். "ஊதாவைத் திட்டாத அக்கா. அந்த வரிசை வந்ததாலதான் அத்தனை நல்ல ஊதாவும் பச்சையும் கட்டையில கிடைக்குது. தாடிக்காரங்க எல்லாம் அந்தப் பெட்டியை வாங்கித் துண்டை மட்டும் எடுத்துக்கிறாங்க."

அவள் கட்டியிருந்தது களமருதூர் களம். மூன்றடிக்கு இரண்டடி. மண்நிறத் தகடு பரப்பிய தரை, நடுவில் நெற்குவியல். ஒற்றைக் குமிழ் உருண்டைகள் இரண்டாயிரத்துக்கு மேல். ஓரத்தில் சித்தி வீட்டின் ஓட்டுக்கூரையும் திண்ணையும். சிவப்புச் சிமெண்ட் வழவழப்புக்காகக் குமிழ் இல்லாத தகடு. வைக்கோல் போர். மருதமரம். புதிதாக வாங்கினால் துண்டுக்குச் சுமார் பத்து சென்ட் ஆகும் என்பதால் பழைய கட்டைகளைக் கிலோக் கணக்கில் வாங்கிச் சோப்புத் தண்ணீரில் கழுவிப் பொறுக்கியிருக்கிறாள். இரவு பத்தரைக்குப் பாத்திரம் துலக்கி முடித்துவிட்டு, பன்னிரண்டு வரை. எட்டு மாதம். அதே 2019இல் தேசியப் புள்ளியியல் அலுவலகம் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், இந்தியாவில் கூலியில்லா வீட்டு வேலை செய்கிற பெண்கள் ஒரு நாளில் சராசரியாக 299 நிமிடம் அதற்குக் கொடுக்கிறார்கள், செய்கிற ஆண்கள் 97 நிமிடம் என்று வந்தது. பாப்பா இந்தக் கணக்கில் வரமாட்டாள். ஆனால் பத்தரை மணி என்பது எங்கிருந்து வந்தது என்று அந்த 299ஐப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

புடவை கட்டிய லெகோ ஆள் அவளுக்குக் கிடைக்கவில்லை. கால்களைக் கழற்றிவிட்டுச் சாய்வுக் கட்டையைப் பொருத்தி அதைப் புடவையாக்கினாள். ஆட்களின் மஞ்சள் முகத்தைப் பொதுநிறம் என்றே கம்பெனி நெடுங்காலம் சொல்லிவந்தது. பழுப்புத் தோல் 2003இல்தான் வந்தது. கழற்றிய பழுப்புத் தலைகளைத் தனித்தனியாகத் தேடி வாங்கியிருந்தாள். கூட்டத்துக்கு நான்கு நாள் இருக்கையில், நள்ளிரவில் என்னை எழுப்பினாள்.

"அக்கா, கூலிநெல்லு வாங்க வர்றவங்களை எங்க நிறுத்தறது?"

"எங்க நின்னாங்களோ அங்க."

அவள் கொஞ்சநேரம் பேசாமல் இருந்தாள். பிறகு ஏழெட்டுப் பேரை எடுத்துக் களத்துக்கு வெளியே, வரப்புக்கு அந்தப் பக்கம் நிறுத்தினாள். அறுத்ததும் கட்டுச் சுமந்ததும் அவர்கள்தான். அளக்கும்போது மட்டும் தள்ளி நிற்க வேண்டும். விவர அட்டையில் அதையும் ஒரு வரி எழுதினாள். சனிக்கிழமை ஒரு தமிழ்க் குடும்பம் வந்தது. சந்தோஷமாகப் படமெல்லாம் எடுத்துக்கொண்டார்கள். அட்டையைப் படித்துவிட்டு அந்த மனிதர், "நம்ம ஊரைப் பத்தி நல்லதா எழுதியிருக்கலாமேம்மா, வெள்ளைக்காரங்க பார்க்கிற இடத்துல" என்றார். "இதுவும் நம்ம ஊருதான் அண்ணா" என்றாள் பாப்பா.

வெள்ளிக்கிழமை இரவு கூடத்தின் பெரிய விளக்குகளை அணைத்துவிட்டார்கள். கட்டிடங்களுக்குள் வைத்த விளக்குகள் மட்டும் எரியும். நகரங்கள், கப்பல்கள், ஒரு தீப்பிடித்த மலை எல்லாம் மின்னின. எங்கள் களத்தில் ஒரே ஒரு விளக்கு. திண்ணையில் தொங்குகிற அரிக்கேன். அரிசியளவு பல்பு. அந்த வெளிச்சம் நெற்குவியலின் பாதிவரைதான் எட்டியது. அதற்கப்பால் நிற்கிறவர்கள் இருட்டில் இருந்தார்கள். பாப்பா அதைத் திட்டமிட்டாளா என்று நான் கேட்கவில்லை.

பொதுமக்கள் வந்த இரண்டு நாளும் அவள் வீட்டுக்காரர் மேசைக்குப் பக்கத்தில் நின்றார். நல்ல மனிதர். பெட்டி தூக்க வந்தவர். வருகிறவர்கள் அவர் கையைக் குலுக்கி, எவ்வளவு நாள் ஆனது, எத்தனை கட்டை என்று கேட்டார்கள். அவர் ஒவ்வொரு முறையும் பாப்பாவைக் காட்டினார். அவர்கள் பாப்பாவிடம் ஒரு புன்னகையைக் கொடுத்துவிட்டு அடுத்த கேள்வியை மறுபடியும் அவரிடமே கேட்டார்கள். ஞாயிறன்று தந்தையர் தின வாழ்த்தையும் சேர்த்துச் சொன்னார்கள். கடைசியில் அவர் ஒரு காகிதத்தில் 'நான் டிரைவர் மட்டும்' என்று ஆங்கிலத்தில் எழுதிச் சட்டையில் குத்திக்கொண்டார். எல்லோரும் சிரித்தார்கள். பாப்பா சிரித்தாளா என்று எனக்குச் சரியாக ஞாபகமில்லை.

மதியம் ஒரு பையன், ஆறேழு வயது இருக்கும், தடுப்புக் கயிற்றுக்குக் கீழே புகுந்து வந்து வைக்கோல் போரைத் தட்டிவிட்டான். பொலபொலவென்று சரிந்தது. அவன் அப்பா பதறவில்லை. பையன்கள் அப்படித்தான் என்ற அர்த்தத்தில் ஏதோ சொல்லித் தோளைக் குலுக்கினார். எனக்குள் பதினாறு பிள்ளைத்தமிழ்களின் சிற்றில் பருவமும் ஒன்றாக ஒலித்தது. கெஞ்சுகிற குரலை எதிர்பார்த்துத்தான் பாப்பாவைப் பார்த்தேன். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு, பையனை அதில் உட்காரவைத்தாள். சரிந்த துண்டுகளை அவன் முன்னால் குவித்தாள். "நீதானே கலைச்ச? நீயே அடுக்கு" என்று ஆங்கிலத்தில், கோபமில்லாமல், ஆனால் எழுந்துபோக இடமில்லாத குரலில் சொன்னாள். அவன் இருபது நிமிடம் உட்கார்ந்து அடுக்கினான். அப்பாக்காரர் கைப்பேசியைப் பார்ப்பதும் எங்களைப் பார்ப்பதுமாக நின்றார். போர் முன்பு இருந்ததைவிடக் கொஞ்சம் சாய்ந்து நின்றது. அவள் அதைத் திருத்தவில்லை.

ஞாயிறு மாலை கூட்டம் முடிந்ததும் நான் எதிர்பாராதது நடந்தது. எல்லோரும் தாங்கள் கட்டியதைத் தாங்களே பிரிக்கத் தொடங்கினார்கள். வண்டியில் ஏற்ற வேண்டுமே. கூடம் முழுக்கக் கூழாங்கல் கொட்டுகிற சத்தம். நூலகரம்மா துணிக்கடையின் சுவரை ஒரே இழுப்பில் கழற்றினார். ஆரஞ்சு நிறத்தில் நெம்புகோல் போல ஒரு கருவி வைத்திருக்கிறார்கள். அது இல்லாவிட்டால் நகம்தான், பல்தான். பாப்பா களத்தைப் பிரித்தாள். நெல்லை அள்ளிப் பையில் போட்டாள், ஓடுகளை வரிசையாக உருவினாள். எட்டு மாத வேலை ஒரு மணி நேரத்தில் பெட்டிக்குள் போயிற்று.

"வருத்தமா இல்லையாடி?"

"எதுக்கு? நான்தானே பிரிக்கிறேன்" என்றாள். கூலிக்கு நின்றவர்களை மட்டும் பெட்டியில் போடாமல் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள்.

என் கட்டுரையின் கடைசிப் பகுதியை அன்றிரவு அடித்துவிட்டு மறுபடி எழுதினேன். அவன் வராத நாளில் பெண்கள் சிற்றிலை என்ன செய்திருப்பார்கள் என்ற கேள்விக்கு ஏட்டில் ஆதாரம் கிடையாது. பொழுது சாய்ந்ததும் தாங்களே கலைத்துவிட்டு, மறுநாள் வேறு மாதிரி கட்டியிருப்பார்கள் என்று எழுத எனக்கு ஏடு தேவையாக இல்லை. களத்துமேட்டில் நாங்கள் அதைத்தான் செய்தோம். ஜூலையில் அதே கூடத்தில், பட்டுப்புடவைகளும் மல்லிகை வாசமுமாக இருந்த இன்னொரு திருவிழாவுக்கு நடுவே, அதை வாசித்தேன். பதிவு அட்டையில் விழுப்புரம் மாவட்டம் என்று இருந்தது. கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாக ஆனது அந்த நவம்பரில்தான்.

திரும்பி வந்ததும் களமருதூருக்குப் போனேன். பாப்பாவிடம் கேட்டுக்கொண்டுதான் சித்தியிடம் படங்களைக் காட்டினேன். சித்திக்கு அறுபத்து மூன்று. கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார்.

"என்னா இது, சின்னப் புள்ளயாட்டம். எம்மாங் காசு?"

நான் சொல்லவில்லை. அவர் படத்தை விரலால் பெரிதாக்கிக்கொண்டே போனார். வெகுநேரம் பேச்சில்லை.

"போரு தெக்கால இல்ல இருந்துச்சு. இவ வடக்கால வச்சிருக்கா." பிறகு, "நான் எங்க?"

"இதோ சித்தி, முறத்தோட நிக்கிறது."

"நான் எப்ப மொறம் புடிச்சேன்? பொடைக்கிறது உங்கம்மா. நான் தூத்துறவ. அவளைக் கூப்புடு."

அங்கே விடியற்காலை. பாப்பா தூக்கக் கலக்கத்தோடு திரையில் வந்தாள். சித்தி காசைப் பற்றியோ டாக்டரைப் பற்றியோ கேட்கவில்லை. கூடையைத் தலைக்கு மேலே எவ்வளவு தூக்க வேண்டும், காற்று எந்தப் பக்கம் வரும்போது எந்தப் பக்கம் திரும்பி நிற்க வேண்டும் என்று எழுந்து நின்று செய்து காட்டினார். பாப்பா கீழ்த்தளத்துக்கு ஓடிப்போய் ஒரு பொம்மையை எடுத்துவந்தாள்.

"கை மடங்காதும்மா இதுக்கு. முழங்கையே கெடையாது."

"அப்பத் தோளையாச்சும் தூக்கு" என்றார் சித்தி. "இன்னும். இன்னுங் கொஞ்சம். ஆங்."